சொன்னவர் யார்? அரசுக் கோப்பு எப்படி இயங்குகிறது

அத்தை மகள் கல்யாணத்தில் முதல் பந்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சாம்பார் வாளி மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் முகங்கள் சுருங்க ஆரம்பித்தன. உப்பு. வாயில் வைக்க முடியாத உப்பு. பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் ரசம் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சிறுவன் ஒருவன் மட்டும் சத்தமாகவே சொல்லிவிட்டான்.

மாமா சமையல்கட்டுக்கு ஓடினார், நானும் பின்னாலேயே போனேன். வாளி தூக்கியவரை முதலில் கேட்டார். "அண்டாவுல இருந்ததைத்தாங்க ஊத்துனேன்." அடுப்படியில் நின்ற கையாளைக் கேட்டார். "உப்பு பத்தலை, இன்னொரு தடவை போடுன்னு சொன்னாங்க. போட்டேன்." யார் சொன்னது? "ஒரே புகையா இருந்துச்சுங்க. குரல்தான் கேட்டுச்சு." மாஸ்டரைக் கேட்டார். "நான் காலையிலேர்ந்து பாயச அடுப்பை விட்டு நகரவே இல்லைங்களே."

அன்றைக்கு உக்கிராணம் பார்த்தவர் என் சித்தப்பா. மளிகை, காய்கறி, நெய் டின், வெல்லம் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிய அறை அது. சாவி அவர் இடுப்பில், நாற்பது பக்க நோட்டு அவர் மடியில். நேரம், பொருள், அளவு, வாங்கியவர் என்று நான்கு கட்டம் போட்டு வைத்திருந்தார். மாமா நோட்டைப் புரட்டினார். 8.15, கல் உப்பு, 1 கிலோ. 9.40, கல் உப்பு, மறுபடியும் 1 கிலோ. இரண்டுக்கும் நேராக அதே கையாளின் பெயர்.

எடுத்த கை தெரிந்துவிட்டது. எடுக்கச் சொன்ன வாய் தெரியவில்லை. அந்தக் கையாளின் அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உயர் அதிகாரிகளைப் பொறுப்பேற்க வைப்பது எப்படி என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வரும். நம் அரசு நிர்வாகத்தில் பதிவேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாப் பதிவேடும் கையைப் பிடித்து வைக்கிறது. மேலே போகப் போக வேலை வாயால் நடக்கிறது. சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கோப்புக்குள் சமையல்

சித்தப்பாவின் நோட்டுக்கு அரசு அலுவலகத்தில் பெயர் கோப்பு. அதற்குள் இரண்டு பகுதிகள். வெளியிலிருந்து வந்த மனு, மதிப்பீடு, வரைபடம், அனுப்பிய பதில் ஆகியவை நடப்புக் கோப்பு. அவற்றைப் படித்துவிட்டு அலுவலர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது குறிப்புக் கோப்பு. நடப்பில் இருப்பது அரிசியும் பருப்பும் என்றால், குறிப்பில் இருப்பது அடுப்பு.

தலைமைச் செயலகத்தில் ஒரு விஷயம் கிளம்பினால் உதவிப் பிரிவு அலுவலர் முதல் குறிப்பை எழுதுவார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என ஏறிச் செயலாளரிடம் போய், தேவைப்பட்டால் அமைச்சரிடமும் போய்த் திரும்பும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் ருசி பார்த்து, சுருக்கொப்பமும் தேதியும் இட்டு மேலே தள்ளுகிறார். கீழே இருப்பவர் மூன்று பக்கம் எழுதுவார். மேலே இருப்பவர் ஒரே ஒரு சொல் எழுதுவார். அந்த ஒரு சொல்லில்தான் கோடி ரூபாய் அசையும். கடைசியில் வெளியே வரும் அரசாணை பந்தியில் வைத்த பதார்த்தம் போன்றது. யார் என்ன சேர்த்தார்கள் என்பது அதில் தெரியாது. அதற்குக் குறிப்புக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறதா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு முன் கிட்டத்தட்ட இல்லை. இந்தியாவில் இப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. ஆனால் அந்தச் சட்டத்தில் கொடுத்ததைவிட விலக்கு அளித்தது அதிகம். உண்மையான பாதை ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் போடப்பட்டது. 1990இல் அங்கே தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை ஒன்றைக் கூட்டியது. அரசு வேலைகளுக்கான வருகைப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். யார் வேலை செய்தார், யார் பெயரில் கூலி எழுதப்பட்டது என்பதை ஊரே கேட்டது. தாளில் உள்ள பெயரும் எதிரே நிற்கும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்றால் அதைச் சொல்ல ஊரில் எல்லாருக்கும் வாய் இருந்தது. கூட்டம் கேட்டது தாள்களின் நகலைத்தான். 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் உட்கார்ந்தும் அதையேதான் கேட்டார்கள்.

2005 சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 2(ஞ) பிரிவு. நகல் வாங்குவதோடு நிற்காமல், வேலையையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடலாம், குறிப்பு எடுக்கலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கலாம். தெருவில் போட்ட கான்கிரீட்டில் ஒரு கட்டியைக் கேட்கலாம். அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கும் உரிமை என்று இதற்குப் பொருள். மத்திய அரசு விதிப்படி மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பார்வையிட முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. தர மறுத்தால் மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமை அலுவலகத்தின் மேல்.

குறிப்புக் கோப்பை மட்டும் தரமாட்டோம் என்று தொடக்கத்தில் பெரும் எதிர்ப்பு இருந்தது. 2006 ஜனவரியில் மத்தியத் தகவல் ஆணையம் குறிப்புகளும் தகவலே என்று சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அவற்றை விலக்க மத்திய அரசு முயன்று, மக்கள் எதிர்ப்பால் கைவிட்டது. அந்தத் திருத்தம் நிறைவேறியிருந்தால் சட்டம் அரிசி மூட்டையைக் காட்டிவிட்டு அடுப்படியைப் பூட்டியிருக்கும்.

பதினான்காம் பக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி ஏரியின் மதகைச் சீரமைக்கும் வேலைக்காக நான் ஒரு கோப்பைப் பார்வையிடப் போனேன். ஒப்பந்தப்புள்ளி திறந்து, குறைந்த விலை சொன்னவர் யார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, அதை ரத்து செய்து மறுபடி கோரியிருந்தார்கள். வேலை ஒரு மழைக்காலம் தள்ளிப்போய், மதகு ஓரத்தில் மண் கரைந்து இரண்டு வயலில் தண்ணீர் நின்றது.

மேசை மேல் கோப்பை வைத்துவிட்டு எழுத்தர் எதிரே உட்கார்ந்தார். பச்சை நிற நாடா, ஓரம் மடிந்த அட்டை, துளையிட்டுக் கோத்த தாள்கள். பதின்மூன்றாம் பக்கத்தில் பிரிவின் குறிப்பு: குறைந்த விலைப்புள்ளி மதிப்பீட்டுக்குள் இருக்கிறது, தகுதிகள் சரி, ஏற்கலாம். பதினான்காம் பக்கத்தின் மேலே வேறு கையெழுத்தில் ஒரே சொல்: "பேசவும்." சுருக்கொப்பம், 5ஆம் தேதி. அதற்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு வெற்றிடம். பிறகு 9ஆம் தேதியிட்டு, முதலில் ஏற்கலாம் என்று எழுதிய அதே கையெழுத்து: "கலந்து பேசியபடி, மறு ஒப்பந்தப்புள்ளி கோரலாம். வரைவு ஒப்புதலுக்கு." அதன் கீழ் மேலதிகாரியின் டிக்.

அந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். நான்கு நாளில் ஒருவருடைய கருத்து தலைகீழானது. அந்த நான்கு நாளில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்தக் கட்டைவிரல் அகலத்துக்குள் இருக்கிறது. எழுத்தர் என் விரலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குத் தணிக்கை வந்தால், வழக்கு வந்தால், "கோரலாம்" என்று முழு வாக்கியம் எழுதியவர் பிரிவு அலுவலர்தான். மேலதிகாரி போட்டது வெறும் டிக்.

பேசவும், பேசியபடி. இந்த இரண்டு சொற்களையும் அரசு அலுவலகத்தில் இருந்தவர் எவரும் அறிவார். கெட்ட எண்ணம் இல்லாமலும் இவை எழுதப்படும். சிக்கலான விஷயத்தை எழுதிக் களைப்பதைவிட ஐந்து நிமிடம் பேசினால் தெளிவாகும். பேசுவதில் தப்பில்லை. பேசியது தாளில் ஏறாமல் போவதுதான் தப்பு.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1975 ஜூன் 25ஆம் தேதி இரவு சான்று. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட அந்த இரவில் டெல்லியின் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் பல நாளிதழ்கள் வரவில்லை. பின்னர் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையிலான ஆணையம் விசாரித்தபோது, மின்சாரத்தை நிறுத்தும் ஆணை வாய்மொழியாகவே மேலிருந்து கீழே இறங்கியது வெளிப்பட்டது. ஒரு நாட்டின் தலைநகரில் பத்திரிகைகளை நிறுத்த ஒரு தாள்கூடத் தேவைப்படவில்லை. புகைக்குள்ளிருந்து கேட்ட குரலே போதுமாக இருந்தது.

விதி இல்லாமல் இல்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., வனப் பணி அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளில் 3ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. மேலதிகாரியின் ஆணை வழக்கமாக எழுத்தில் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால், உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வாய்மொழி ஆணை பெற்றவர் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும். கேட்டால் தருவது மேலதிகாரியின் கடமை. விதி இருந்தும் நடைமுறை வேறாக இருந்ததால் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உட்பட ஓய்வுபெற்ற அதிகாரிகள் 83 பேர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர் நாட்டின் அமைச்சரவைச் செயலாளராக இருந்தவர். வாய்மொழி ஆணை எந்த வழியில் வரும் என்பதை அவரைவிட அறிந்தவர் குறைவு. 2013 அக்டோபர் 31ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அமைச்சரோ மேலதிகாரியோ வாயால் சொன்னதைப் பதிவு செய்யாமல் அதிகாரிகள் செயல்படக் கூடாது; இல்லாவிட்டால் தகவல் உரிமையே அர்த்தமற்றுப் போகும் என்றது நீதிமன்றம். எழுதியிருந்தால்தானே நகல் கேட்க முடியும்.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு பெரியப்பா வீட்டு விசேஷம். உக்கிராணத்தில் சித்தப்பாதான். நோட்டை எட்டிப் பார்த்தேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் கோடு போட்டிருந்தார். மேலே "சொன்னவர்" என்று எழுதியிருந்தது. உப்பு கேட்டு வந்த பையனிடம், "யாருப்பா சொன்னது?" என்பார். அவன் பெயரைச் சொன்னால்தான் பொட்டலம் கைக்கு வரும். மதியத்துக்குள் மாஸ்டரே நேரில் வந்து, "அண்ணே, நான்தான் சொன்னேன், எழுதிக்கங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். 2013 தீர்ப்பு அரசுக் கோப்பில் போடச் சொன்னது இந்த ஐந்தாவது கட்டத்தைத்தான்.

இப்போது பல துறைகளில் கோப்பு மின்கோப்பாகிவிட்டது. குறிப்பு எழுதிய நேரம் நொடி பிசகாமல் பதிவாகிறது, பக்கத்தை உருவ முடியாது. நல்ல மாற்றம். ஆனாலும் தொலைபேசி அழைப்பு அந்தக் கோப்புக்குள் வராது. ஐந்தாவது கட்டத்தை மனிதர்தான் நிரப்ப வேண்டும்.

கூலி யாருக்குப் பிடிக்கப்படுகிறது

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் தராவிட்டால் தண்டனை உண்டு. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், சம்பந்தப்பட்டவர் சம்பளத்திலிருந்து. அரசுப் பணத்திலிருந்து கட்ட முடியாது என்பதால் இந்தச் சட்டத்துக்கு ஒரு பல் இருக்கிறது. ஆனால் அது யாரைக் கடிக்கிறது என்று பாருங்கள். பொதுத் தகவல் அலுவலராக நியமிக்கப்படுபவர் பெரும்பாலும் நடுத்தரப் படியில் இருப்பவர். கோப்பு மேலதிகாரியின் அறையில் மாதக்கணக்கில் கிடக்கும். இவர் போய் இரண்டு முறை கேட்பார், மூன்றாவது முறை கேட்கத் தயங்குவார். அபராதம் இவருக்கு வரும். மறுபடியும் கையாளின் கூலி.

இதற்கான வழியும் சட்டத்திலேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 5ஆம் பிரிவின் 4, 5ஆம் உட்பிரிவுகள்படி, தகவல் அலுவலர் வேறு எந்த அதிகாரியின் உதவியையும் கேட்கலாம். கேட்கப்பட்டவர் தரவேண்டும். தராவிட்டால், தண்டனைக்கு அவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். அவர் பதவியில் எவ்வளவு பெரியவர் என்ற பேச்சே அங்கே இல்லை. "இந்தக் கோப்பை இந்தத் தேதியில் தங்களிடம் கேட்டேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பி வைத்தால் போதும், அபராதம் படியேறும். இந்த வரியை எழுதத் துணிந்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். தகவல் ஆணையர்கள் விசாரணையில், "கோப்பு எந்த அறையில் இருந்தது?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாலே நிலைமை மாறும் என்று நம்புகிறேன். அந்த ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் 2019 திருத்தம் மத்திய அரசின் கைக்குக் கொண்டுபோனது. அதற்கு முன் பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்று சட்டத்திலேயே இருந்தது. ருசி பார்ப்பவரின் கூலியைச் சமைப்பவர் முடிவு செய்யலாமா?

லஞ்ச வழக்கிலும் இதே மேடு பள்ளம்தான். இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் இருப்பவரை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு ஒன்று நிர்வாக உத்தரவாக இருந்தது. 1997 டிசம்பரில் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2003இல் அதே ஏற்பாடு சட்டப் பிரிவாகத் திரும்பி வந்தது. 2014 மே 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையும் ரத்து செய்தது. லஞ்சத்தில் பெரிய பதவி, சின்னப் பதவி என்று பிரிக்க முடியாது, சட்டத்தின் முன் சமம் என்பது இருவருக்கும் ஒன்றுதான் என்பது தீர்ப்பின் சாரம். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17அ பிரிவு வந்தது. பணியில் எடுத்த முடிவு, செய்த பரிந்துரை தொடர்பான குற்றச்சாட்டை விசாரிக்க முன் அனுமதி வேண்டும். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும், மேலும் ஒரு மாதம் நீட்டிக்கலாம். இம்முறை எல்லாப் படியினருக்கும் பொதுவாக எழுதினார்கள். லஞ்சம் வாங்கும்போது அந்த இடத்திலேயே பிடிபட்டால் அனுமதி தேவையில்லை.

பார்க்கச் சமமாகத்தான் இருக்கிறது. அடுப்படியில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டோடு பிடிபடுபவர் யார்? பட்டாவுக்கு இரண்டாயிரம் வாங்கும் கீழ்நிலை ஊழியர். உயர் அதிகாரி கையில் நோட்டு வாங்குவதில்லை. அவர் தவறு செய்தால் அது ஒரு முடிவாக, ஒரு பரிந்துரையாக, ஒரு டிக்காகவே இருக்கும். அனுமதி தேவைப்படுவது சரியாக அந்த வகைக் குற்றத்துக்குத்தான்.

நேர்மையான அதிகாரிகளின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு பத்து ஆண்டு கழித்து வழக்காகத் திரும்பி வரும் என்றால் யாரும் பேனாவை எடுக்க மாட்டார்கள். கோப்பு நகராது, அந்த நட்டமும் மக்களுக்கே. பாதுகாப்பு வேண்டும். ஆனால் அனுமதி தரும் பொறுப்பு அதே அரசிடம் இருக்கக் கூடாது. மாஸ்டரைக் கேள்வி கேட்கலாமா என்பதை மாஸ்டரை அமர்த்தியவரே முடிவு செய்தால் எந்த உப்புக்கும் பதில் வராது. லோக்பால் போன்ற தனித்த அமைப்பு காரணத்தை எழுத்தில் சொல்லி அனுமதி தரட்டும் அல்லது மறுக்கட்டும். இந்திய ஊழல் தடுப்பு நிர்வாகத்துக்கு அடித்தளமிட்ட கே. சந்தானம் நம் ஊர்க்காரர். அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையில்தான் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அரை நூற்றாண்டைத் தாண்டியும் யார் யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலேயே நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

பந்தி முடிந்த பிறகு

கல்யாணம் முடிந்த மறுநாள் கணக்கு முடிப்பார்கள். எத்தனை இலை விழுந்தது, எத்தனை மூட்டை தீர்ந்தது, மிச்சம் எங்கே. அரசில் இந்த வேலை தலைமைக் கணக்குத் தணிக்கையாளருடையது. அவர் அறிக்கையை நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு ஆராயும். 1967 முதல் அதன் தலைவராக எதிர்க்கட்சி உறுப்பினர் இருப்பது மரபு. மத்திய அரசின் பொது நிதி விதிகள், அமைச்சகத்தின் செயலாளரைத்தான் அதன் கணக்குக்குத் தலைமைப் பொறுப்பாளர் என்கின்றன. குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டியவர் அவர். உயர் அதிகாரி ஒருவர் தன் பெயரோடு எதிரே உட்கார்ந்து கேள்வி வாங்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

ஆனால் எதிரே உட்கார்பவர் அன்று அந்த நாற்காலியில் இருப்பவர். முடிவு எடுத்தவர் அதற்குள் வேறு துறைக்கோ ஓய்வுக்கோ போயிருப்பார். அண்டா அடுப்பில் இருக்கும்போதே சமையல்காரரை மாற்றினால் உப்புக்கு முன்னவரும் பதில் சொல்ல மாட்டார், பின்னவரும் சொல்ல மாட்டார். ஹரியானாவில் அசோக் கேம்கா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தன் பணிக்காலத்தில் 50க்கும் மேற்பட்ட முறை மாற்றப்பட்டார். 2013 தீர்ப்பு இதையும் தொட்டது. அதன்பின் 2014 ஜனவரியில் ஐ.ஏ.எஸ். பணியிட விதிகள் திருத்தப்பட்டு, குறைந்தது இரண்டு ஆண்டு ஒரே பதவியில் என்று வந்தது. அதற்கு முன் மாற்றினால் குடிமைப் பணி வாரியம் காரணத்தைப் பதிய வேண்டும். இடமாற்றத்தை நேர்மையானவருக்குச் செய்யும் அநியாயமாக மட்டுமே பேசுகிறோம். நேர்மை குறைந்தவருக்கு அது தப்பிக்கும் வாசலும்கூட என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

சொத்துக் கணக்கும் உண்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் ஆண்டுதோறும் ஜனவரி முடிவதற்குள் தங்கள் அசையாச் சொத்து விவரத்தைத் தர வேண்டும். 2009இல் நாமக்கல் ஆட்சியராக இருந்த உ. சகாயம், யாரும் கட்டாயப்படுத்தாமல் தன் சொத்து விவரத்தை மாவட்ட இணையதளத்தில் போட்டார். ஒருவர் தானாக உக்கிராணக் கதவைத் திறந்து வைத்தால் அக்கம்பக்கத்துக் கதவுகளும் அசையத் தொடங்கும். எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. தனிநபர் தகவலைத் தர மறுக்கலாம் என்ற, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவில், பொதுப் பணியோடு தொடர்பு இருந்தால் தரலாம், பொதுநலன் பெரிது என்றால் தரலாம், சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றெல்லாம் சொற்கள் இருந்தன. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கியது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் நல்லவேளையாக மிஞ்சியிருக்கிறது. கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரே தனிநபர் தகவல் என்று ஓர் அலுவலகம் சொல்லத் தொடங்கினால், மனுதாரர் இனி பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு அதுதான்.

மதகுக் கோப்புக்கு வருகிறேன். முதல் மனுவில் "ஏன் ரத்து செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தேன். அது தவறு. சட்டம் தருவது இருக்கும் ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. பதினான்காம் பக்கத்தைப் பார்த்த பிறகு இரண்டாவது மனுவை இப்படி எழுதினேன்: 5ஆம் தேதிக்கும் 9ஆம் தேதிக்கும் இடையே இந்தக் கோப்பு தொடர்பாக வாய்மொழியாக வழங்கப்பட்ட அறிவுறுத்தலை எழுத்தில் உறுதிப்படுத்திய குறிப்பின் நகல் வேண்டும். அப்படிக் குறிப்பு இல்லை என்றால், இல்லை என்று எழுதித் தரவும்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. "அவ்வாறான ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை." கீழே பெயர், பதவி, தேதி. அதையும் இணைத்து முதல் மேல்முறையீடு போட்டேன்.

விசாரணைக்குப் போனபோது மேசை மேல் அதே கோப்பு, அதே பச்சை நாடா. மேல்முறையீட்டு அலுவலர் பதினான்காம் பக்கத்தைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்த இரண்டு வரிகளையும் இரண்டு முறை படித்தார். பிறகு பக்கத்தில் நின்ற பிரிவு அலுவலரிடம், "பேசியபடின்னு எழுதியிருக்கீங்க. யார்கிட்ட பேசினீங்க?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு ஒரு பதவியின் பெயரைச் சொன்னார். மேல்முறையீட்டு அலுவலர் கடிகாரத்தைப் பார்த்து, விசாரணைக் குறிப்பில் 11.20 என்று நேரத்தைப் போட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.